முப்பத்தைந்து என்று எழுதிய கதவு

என்னுடைய கலியாணத்துக்கு அவர் வந்தது முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் முன்னால். பெண்வீடு மானிப்பாயில். பன்னீர் தெளித்தவர்களைத் தாண்டி, சந்தனக் கும்பாவைத் திரும்பியும் பாராமல், பெண் உடுத்திக்கொண்டிருந்த அறைக்கு நேரே போனார். கதவடியில் நின்று உள்ளே இருந்தவர்களை எண்ணினார்.

"பதினேழு பேர். இது ஆறு பேர் நிக்கிற அறை" என்றார். பிறகு போய் யன்னலைத் திறந்தார். "நீங்கள் வெளியிலை வாங்கோ. நீங்களும் வாங்கோ. ஓம், உங்களைத்தான். பொம்பிளைக்கு மூச்சு முட்டுது, தெரியேல்லையோ?"

அட்டியலும் கூறைப்பட்டுமாக நின்ற என் மாமியாரின் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ ஆர்?" என்று கேட்டார்.

"மறியல் மேட்ரன். நடவுங்கோ."

பதினொரு பேர் வெளியே வந்தார்கள். அன்றைக்குத் தனக்கு நல்லது நினைத்த ஒரே ஆள் அவர்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பெண் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். எல்லோரும் மேட்ரன் அக்கா என்று கூப்பிட்டோம். எந்த மறியற்சாலை என்பதும் வேண்டாம். குடாநாட்டில், கடலுக்குக் கிட்ட, ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவரோடு இருந்தது என்பது போதும். நான் அங்கே கிளாக்கர். கோப்பாயிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். ஜெயிலரின் பெயரையும் எழுதவில்லை, ஆனால் அது மரியாதையால் அல்ல. பதினொரு வருடம் 'ஐயா' என்று கூப்பிட்டது போதும். இந்தக் கட்டுரையில் அவன் 'அவன்'தான்.

அக்காவுக்கு மறதி என்பது இல்லை. ஒருமுறை சந்தையில் ஒரு மீன்காரன் பழுதான ஓரா மீனை அவர் தலையில் கட்டிவிட்டான். கொழும்புத்துறைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவரிடம் அப்படி விளையாடலாமா? அடுத்த வாரத்திலிருந்து அவர் வேறு எந்தக் கடைக்கும் முதலில் போகமாட்டார். நேரே அவனிடம் போவார். ஒவ்வொரு மீனாகத் தூக்கிச் செவுளை விரிப்பார். சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கிறமாதிரி, "இது முந்தநாள் மீன்" என்பார். பிறகு பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. மீன்காரன் தாங்கமுடியாமல் வேறு சந்தைக்கு மாறினான். அவர் பஸ் ஏறி அங்கேயும் போனார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். உள்ளே ஏறியதும் ஆட்களை எண்ணுவார். அளவுக்கு மேலே இருந்தால் கொண்டக்டரிடம், "தம்பி, உது காணும். இனி ஒருத்தரையும் ஏத்தாதையும்" என்பார். அவன் கேட்காமல் ஏற்றினால், தான் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விசர் மனுசி என்று சனம் சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தில் பாதி என்னுடைய கையால் ஆனது.

சிங்களம் மட்டும் சட்டம் வந்து இரண்டொரு வருடம் இருக்கும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு சுற்றுநிருபம் வந்தது. கந்தோரில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. சந்தியில் பாண் பேக்கரி வைத்திருந்த சிங்களவரிடம் ஜெயிலர் என்னை அனுப்பினான். அவர் மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாசித்துச் சொன்னார். அரசாங்கம் சிறைச்சாலைகளைப் பெருப்பிக்கப் போகிறது. இடம் கூட்டப் போகிறது, ஆள் கூட்டப் போகிறது. ஒவ்வொரு சிறையும் தன் கொள்ளளவு எத்தனை பேர் என்று எழுதி அனுப்பவேண்டும். பெரிய சிறைக்குக் கூடக் காவலர், புதுக் குவாட்டர்ஸ், தரம் கூடிய ஜெயிலர்.

கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவன் கதிரையில் நிமிர்ந்தான். "எங்கடை கொள்ளளவு என்ன?"

"அறுபது, ஐயா."

"நூற்றைம்பது எண்டு எழுதும். கதவிலை கிடக்கிற இலக்கங்களையும் மாத்தும். வந்து பாத்தால் பிடிபடக்கூடாது."

எந்தச் சுவரும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஒரு செங்கல் வரவில்லை. எனக்கு எழுத்து வடிவு என்பதால் வெள்ளைப் பெயின்றும் தூரிகையும் என் கையில் வந்தன. ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலேயும் எத்தனை பேரை அடைக்கலாம் என்று ஒரு பலகை இருக்கும். வழக்கு முடியாதவர்களை அடைக்கிற விளக்கமறியல் அறைக்கு மேலே பன்னிரண்டு என்று இருந்தது. அதை அழித்து முப்பத்தைந்து என்று எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்து, வடிவாக வந்திருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

இடம் இருக்கிறதென்று தெரிந்தால் நீதிமன்றம் அனுப்பத்தானே செய்யும்? அனுப்பியது. அந்த வருடம் கோடையில், கடலில் வலை கட்டுகிற இடம் பற்றிய சச்சரவில் கைகலப்பில் இறங்கிய ஒரு மீனவரை ஒரு கிழமை விளக்கமறியலில் வைக்க அனுப்பினார்கள். அவருக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு நோய். அறைக்குள் முப்பத்தொரு பேர். "கதவைத் திறவுங்கோ, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். ஜெயிலரின் ஓடர் வேண்டும் என்று காவலாளி சொல்லியிருக்கிறான். விடியக் கதவு திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மறியற்சாலை விறாந்தையிலேயே நடந்த மரண விசாரணையில் ஜெயிலர் கதவுக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினான். அறை முப்பத்தைந்து பேருக்கு, உள்ளே இருந்தது முப்பத்தொரு பேர், நெருக்கடி என்ற பேச்சுக்கே இடமில்லை என்றான். வருத்தக்காரன், வருத்தத்தால் செத்தான் என்று தீர்ப்பாயிற்று. செத்தவரின் மனைவி ஒரு மூலையில் இருந்தார். ஒருமுறைகூட அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் அழவில்லை, பலகையில் இருந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் அந்த அறையில் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததை, முன்பு மறியலுக்குப் போய்வந்த ஊரவன் ஒருவன் அவரிடம் சொல்லியிருந்தான்.

இரண்டு வருடம் கழித்து அரசாங்கத் திட்டத்தின் பலன் எங்களுக்கும் வந்தது. பெண்களுக்குத் தனிப் பகுதி, ஒரு மேட்ரன், ஆறு காவலர். கட்டடம் வரவில்லை. விளக்கமறியல் அறைக்கு வெள்ளையடித்து, இதுதான் பெண்கள் பகுதி என்று ஜெயிலர் சொல்லிவிட்டான். மேட்ரன் வேலைக்கு நேர்முகம் நடந்தபோது அவர் வந்து நின்றார். வெள்ளைச் சேலை, எட்டாம் வகுப்புச் சான்றிதழ்.

"ஏன் உந்த வேலைக்கு வாறாய்?" என்று அவன் கேட்டான்.

"கதவுத் திறப்பு என்ரை கையிலை இருக்கவேணும் எண்டு ஆசை, ஐயா."

"நல்ல பகிடி" என்று சிரித்து, அவரையே எடுத்தான். இவர் யார் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. பயமா, வேறு ஏதாவதா என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

அந்த அறையில் பன்னிரண்டு பெண்களுக்கு மேல் அவர் ஒருநாளும் இருக்கவிட்டதில்லை. கூட வந்தால் விறாந்தையில் வேப்பமர நிழலில் இருத்திக்கொண்டு தானும் பக்கத்தில் இருப்பார். ஜெயிலர் கத்துவான். "ஓம் ஐயா, முப்பத்தஞ்சு பேர் கொள்ளும்தான். வெக்கை கொஞ்சம் தணியட்டும்" என்பார். குரலில் அவ்வளவு பணிவு இருக்கும். வேலைக்கு வந்து மூன்றாம் மாதம் பதிவுப் புத்தகத்தைப் பிரட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் அஞ்சு எழுதேக்கை கதவுப் பலகையிலை இருக்கிறமாதிரி மேலை ஒரு கொடி விடுறீர், என்ன?"

"அக்கா, ஐயா சொல்லித்தான்..."

"தெரியும். சொன்னவனிலை பாதி, எழுதினவனிலை பாதி எண்டு நான் கோவத்தைப் பங்கு பிரிக்கிறேல்லை. ரண்டு பேரிலையும் முழுசாத்தான் வைச்சிருக்கிறன்." சொல்லிவிட்டு பிளாஸ்கைத் திறந்து எனக்கும் தேத்தண்ணி ஊற்றினார். "அந்த அறை பன்னிரண்டு பேருக்குத்தான் எண்டு அவன்ரை வாயாலை வரவேணும். கோட்டிலை, சத்தியம் பண்ணி. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அது வருமட்டும் நான் சாகமாட்டன்."

அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் சென்றது. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் அவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரிடம்தான் ஒருவனை வெறுக்கப் படித்தேன். ஆத்திரப்படாமல், சத்தம் போடாமல், நேரத்துக்கு வேலைக்கு வந்து, கும்பிட்டு, வெறுக்க வேண்டும். ஜெயிலர் என்னை "ஏய் கிளாக்கர்" என்று கூப்பிடும் ஒவ்வொரு தரமும் நான் அதைப் பழகினேன்.

வேறொரு சிறையில் கைதிகள் ஒரு காவலாளியை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. ஜெயிலருக்குக் குலை நடுங்கிவிட்டது. அன்றைக்கே எனக்கு ஒரு சுற்றுநிருபம் சொல்லி அடிக்கவைத்தான். அறைக்குள் போகிறவர் எவராயிருந்தாலும் திறப்பைக் கதவில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டே போகவேண்டும். உள்ளே ஆள் இருக்கும்வரை கதவு பூட்டியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் எந்தப் பதவிக்காரராயிருந்தாலும் அவர் சொல்லிக் கதவைத் திறக்கக்கூடாது. திறப்பு வைத்திருப்பவர் தானாகவும் திறக்கக்கூடாது, வெளியே நிற்கும் இன்னொரு உத்தியோகத்தர் சொன்னால்தான் திறக்கலாம். அக்கா அதை இரண்டுதரம் வாசித்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

பிறகு வந்தது அந்த வைகாசி மாதத்துப் பகல். விரிவாக்கத் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்காகக் கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. எங்களுக்கு இன்னும் நாற்பது காவலர் தரலாமா, ஜெயிலரைத் தரம் உயர்த்தலாமா என்று பார்க்க வந்தார்கள். அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து இரண்டு உத்தியோகத்தர், அளவுநாடாவோடு ஓவசியர், மொழிபெயர்க்க ஒருவர் என்று கூட்டம் பெருத்துப்போயிற்று. நானும் அக்காவும் கதவடியில் நின்றோம். உள்ளே போகிறவர்களின் பெயரைப் பதிவது என் வேலை.

குழுவின் தலைவர் வயதானவர். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்குள்ளா முப்பத்தைந்து பேர் என்று கேட்டார்.

"இப்பவே நிறுத்திக் காட்டுறன் ஐயா!" என்றான் ஜெயிலர். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. பெண்களை விறாந்தையில் விடச் சொன்னான். வேலை முடிந்த காவலர், சமையற்காரர், முடிவெட்டுபவர், தச்சர், குழு வந்த கார்களின் சாரதிகள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டு உள்ளே விட்டான். கடைசியாகத் தன் திறப்புக் கோர்வையை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தானும் நுழைந்தான். அதற்குமேல் கூப்பிட ஆள் இல்லை.

"எத்தினை, தம்பி?" என்று அக்கா கேட்டார்.

புத்தகத்தைப் பார்த்தேன். மேலிருந்து இன்னொருதரம் எண்ணினேன். "முப்பத்தொண்டு, அக்கா."

அவர் கதவை இழுத்துப் பூட்டினார்.

முதலில் உள்ளே சிரிப்புத்தான். பார்த்தீர்களா ஐயா, இடம் கிடக்கு என்று அவன் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கழுத்துப்பட்டிகளைத் தளர்த்தினார்கள். அந்த அறைக்கு உயரத்தில் ஒரே ஒரு சிறு யன்னல்.

"மேட்ரன், காணும். திற."

"உள்ளுக்கை நிக்கிறவை சொல்லித் திறக்கக்கூடாது, ஐயா. உங்கடை சுற்றுநிருபம்."

"நான் ஜெயிலர் சொல்லுறன்!"

"எந்தப் பதவிக்காரர் எண்டாலும் எண்டுதான் ஒட்டியிருக்கு."

சிரிப்பு நின்றது. கம்பிக்கு நடுவே கைகள் வந்தன. பெரிய வாசலிலும் மற்ற அறைகளிலும் காவல் நின்றவர்களுக்கு இடத்தைவிட்டு அசைய அனுமதியில்லை. அதுவும் அவன் போட்ட சட்டம்தான். அப்போது அவனுக்கு விளங்கிவிட்டது, அக்காவைத் தவிர அங்கே வெளியே நிற்கிற ஒரே உத்தியோகத்தர் நான் என்று. "கிளாக்கர்! தம்பி! நீர் ஓடர் குடும். ஒரு சொல்லுச் சொல்லும்!" பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் அவனுக்குத் தம்பி ஆனேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார். நான் ஒரு சொல் சொன்னால் அந்த நிமிடமே திறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் கதவுக்கு மேலே என் கையெழுத்தைப் பார்த்தேன். பேசாமல் நின்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது? இனித்தது.

"தங்கச்சி, உன்னைக் கும்பிடுறன். கதவைத் திறவம்மா. மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு" என்று அவன் அழுதான்.

அக்கா கம்பிக்குக் கிட்டப் போனார். "இடம் காணாதோ, ஐயா? முப்பத்தஞ்சுக்கு இன்னும் நாலு பேர் குறையுதே."

அதற்குள் குழுத் தலைவர் சுவரோடு சரிந்து விழுந்தார். அவர் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத மனிதர். "அக்கா, திறவுங்கோ" என்றேன். நான் சொல்லி முடிக்க முன் கதவு திறந்தது. என் புத்தகத்தின்படி ஐம்பது நிமிடம். அக்கா தானே அந்தக் கிழவரைத் தாங்கிக்கொண்டுவந்து விறாந்தையில் கிடத்தி, தண்ணீர் தெளித்து, விசிறினார். பொலிஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தார்.

வழக்கு நடந்தது. அரசாங்க உத்தியோகத்தரைத் தடுத்து வைத்தது, உயிருக்கு ஆபத்து விளைவித்தது என்று குற்றச்சாட்டு. தனக்காக வாதாட அக்கா அப்புக்காத்து வைக்கவில்லை. ஜெயிலர் சாட்சிக் கூட்டில் ஏறி, தேவாரம் படிக்கிறவன்மாதிரிக் கண்ணை மூடிச் சத்தியம் பண்ணினான். அவனுக்கு அவரை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற வெறி. கேள்வி கேட்க விருப்பமா என்று நீதவான் அக்காவிடம் கேட்டார்.

"ஒரே ஒரு கேள்வி, ஐயா" என்று எழுந்தார். "அந்த அறைக்குள்ளை எத்தினை பேர் உயிரோடை இருக்கலாம்?"

முப்பத்தைந்து என்றால் ஆபத்து இல்லை, வழக்கே விழுந்துவிடும். முன் வாங்கில் குழுத் தலைவர் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் யோசிக்கவில்லை.

"பன்னிரண்டு பேருக்குக் கட்டின அறை அது. அதுக்கு மேலை அடைச்சால் சாவுதான்!" என்று கத்தினான்.

"எழுதியாச்சோ?" என்று சாட்சியத்தை எழுதிக்கொண்டிருந்த நீதிமன்ற முதலியாரை அக்கா கேட்டார். எழுதியாயிற்று என்று அவர் தலையாட்டினார். பிறகுதான் நீதவானைப் பார்த்துச் சொன்னார்: "ஆறு வரியத்துக்கு முந்தி இதே அறையிலை முப்பத்தொரு பேரை இவர் அடைச்சவர், ஐயா. அதிலை செத்தது என்ரை மனுசன்."

ஜெயிலர் திரும்பினான். முதன்முதலாக அவருடைய முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக நான் இன்னொரு பதினொரு வருடம் 'ஐயா' என்று கூப்பிடவும் தயார்.

என்னையும் கூட்டில் ஏற்றினார்கள். இலக்கத்தை மாற்றி எழுதியது நான் என்று சொன்னேன். ஏன் ஐம்பது நிமிடம் பேசாமல் நின்றீர் என்று நீதவான் கேட்டார். நிற்க விருப்பமாக இருந்தது ஐயா என்றேன். அதோடு என் உத்தியோகம் போயிற்று. ஜெயிலரின் உத்தியோகமும் பென்சனும் போயின. பழைய மரண விசாரணைக் கோவையைத் திறந்தார்கள். அவன் ஊரில் யாரோடும் பேச்சுவார்த்தையில்லாமல் வீட்டோடு கிடந்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் படலைக்கு முன்னால் சைக்கிள் மணியை அடித்துவிட்டுத்தான் போவேன். மழைநாளிலும் தவறவிட்டதில்லை.

அக்காவுக்கு ஒன்பது மாதம் தீர்த்தார்கள். பலகையில் பழையபடி பன்னிரண்டு என்று எழுதவேண்டும் என்றும், அதற்கு மேல் ஒருவரையும் ஏற்கக்கூடாது என்றும் நீதவான் கட்டளையிட்டிருந்தார். அந்தக் கிழமை கசிப்புச் சாராயம் காய்ச்சியதென்று பொலிஸ் பிடித்த பெண்களால் அறை நிறைந்திருந்தது. சரியாகப் பன்னிரண்டு பேர். அக்காவைக் கொண்டுபோனபோது, புதிதாக வந்த ஜெயிலர் கடிதத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஏற்கமுடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் கொழும்புச் சிறைக்கு அனுப்ப முடிவாயிற்று.

ஸ்டேசனுக்கு ஓடினேன். ஊரைவிட்டு, பாஷை தெரியாத இடத்துக்குப் போகிறாரே என்றுதான் எனக்குக் கவலை. இரண்டு காவலருக்கு நடுவே ரெயில் பெட்டியின் யன்னலோரம் இருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கேட்டனீரே? என்னைக் கொண்டுபோய் வாசலிலை விட, அந்த ஜெயிலர் இடமில்லை எண்டு சொல்லிப்போட்டார். இடமில்லையாம், தம்பி!"

சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. மரண விசாரணையிலும் அழாத மனிதர் அவர்.

"உந்த ஒரு சொல்லை அண்டைக்கும் ஒருத்தன் சொல்லியிருந்தால், அந்தாளைத் திருப்பி வீட்டை அனுப்பியிருப்பாங்கள்."